சிங்கப்பூரிலிருந்து 14 மணி நேரம் எகானமியில்: டிக்கெட் எடுப்பது முதல் பெட்டியை எடுப்பது வரை

சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். சான் பிரான்சிஸ்கோவுக்கு 15 மணி நேரத்துக்கு மேல், திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த வரிசையில் வந்த இருவரில் ஒருவர் இறங்கியதும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார், மற்றவர் இரண்டு நாள் எழுந்திருப்பதில்லை. வயதும் உடல்வாகும் ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பாலும் டிக்கெட் எடுத்த அன்றும் இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுத்த அன்றுமே இந்த வித்தியாசம் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, விமானத்தில் ஏறுவதற்கு முன் செய்யவேண்டியவை பற்றித்தான்.

படி 1: நேரே போவதா, மாறிப் போவதா

துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாகப் போனால் ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். எத்தனை வெள்ளி மிச்சம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். மாறும் ஊரில் விமானம் உள்ளூர் நேரப்படி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி ஏழு மணி நேரத்தில் வளைகுடாவில் இறங்கினால், தூக்கம் நன்றாகப் பிடித்த நேரத்தில் எழுப்பிவிடுவார்கள். அங்கே மூன்று மணி நேரம் விழித்திருந்து, மறுபடி ஏழு மணி நேரம். இரண்டு அரைத்தூக்கம் சேர்ந்து ஒரு முழுத்தூக்கம் ஆகாது. காலையில் சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் என்றால் கதை வேறு. நடுவில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்வது அப்போது நல்லதுதான்.

என் கணக்கு இது: தனியாகப் போகும் இளைஞருக்கு மாறிப் போவது லாபம். வயதான பெற்றோருக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது நேர் விமானம் எடுங்கள். ஒருவேளை மாறியே போகவேண்டும் என்றால் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நீங்களே வெளியே எடுத்து மறுபடி போடவேண்டி வரும்.

நியூயார்க் போகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி நியூயார்க் சேவையில் எகானமியே கிடையாது. அதற்கு ஓட்டும் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் 67 பிசினஸ் இருக்கைகளும் 94 பிரீமியம் எகானமி இருக்கைகளும் மட்டுமே. எகானமியில் போக அதே நிறுவனத்தில் பிராங்பர்ட் வழியாக ஒரு சேவை இருக்கிறது.

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் விலை ஏறிக்கிடக்கும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் ஏன் போகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

படி 2: கடப்பிதழும் விசாவும்

நம்மில் ஒரே வீட்டில் இரண்டு விதக் கடப்பிதழ் இருப்பது சாதாரணம். கணவர் சிங்கப்பூர்க் குடிமகன், மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. இருவருக்கும் விதிகள் வேறு வேறு. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு அமெரிக்கா போக எஸ்டா என்ற இணைய அனுமதி போதும். பிரிட்டனுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஈடிஏ என்ற மின்னனுமதி வேண்டும். இந்தியக் கடப்பிதழுக்கு இரண்டு நாட்டுக்கும் முறையான விசா தேவை. நடுவில் விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் நாடுகளும் உண்டு. அதனால் மலிவு டிக்கெட்டில் கை வைக்கும் முன் அந்த நாட்டுத் தூதரக இணையப்பக்கத்தைப் பாருங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

படி 3: இருக்கை

இதில் நேரம் செலவழிப்பதற்குத் தகுந்த பலன் உண்டு. முதலில் விமானத்தின் வகையைப் பாருங்கள். முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கும். ஏ350, போயிங் 787 இரண்டிலும் எகானமி பெரும்பாலும் 3-3-3 என்ற அமைப்பு, அதாவது நடுவே இரண்டு நடைபாதை விட்டு மும்மூன்று இருக்கைகள். போயிங் 777ல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் வரிசைக்கு 9 பேரை உட்கார வைக்கிறது, எமிரேட்ஸ் 10 பேரை. விமானத்தின் அகலம் ஒன்றுதான், ஆள் ஒருவர் கூட. தோள் உரசுவது எங்கே அதிகம் என்று சொல்லவேண்டியதில்லை. ஏ350, 787 இரண்டுக்கும் இன்னொரு நல்ல குணமும் உண்டு. மற்ற விமானங்களில் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதுவரை குறையலாம். இவற்றில் 6,000 அடிக்கு மேல் போகாது. மற்றதில் ஊட்டியைவிட உயரமான இடத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, வயிற்று உப்புசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் எந்த இருக்கை? சன்னலோரம், நடைபாதையோரம் என்று எல்லோரும் இரண்டாகத்தான் பிரிப்பார்கள். நடைபாதை இருக்கையிலேயே இரண்டு வகை இருக்கிறது. 3-3-3 அமைப்பில் சன்னல் பக்கத் தொகுதியின் நடைபாதை இருக்கையில் நீங்கள் இருந்தால், உள்ளே இருக்கும் இருவரும் ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் எழுப்பவேண்டும். நடுத்தொகுதியின் நடைபாதை இருக்கையில் இருந்தால், உங்கள் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான், அவருக்கும் இரண்டு பக்கமும் வழி உண்டு. மறு ஓரத்துக்காரர் விழித்திருந்தால், நடுவில் இருப்பவர் உங்களைத் தொந்தரவு செய்யவே மாட்டார். அடிக்கடி கழிப்பறை போகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் நான் சொல்வது இந்த நடுத்தொகுதி ஓரம்தான். சாய்ந்து தூங்கச் சுவர் வேண்டும், எட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன் என்பவர்கள் சன்னலுக்குப் போகலாம்.

இருவராகப் போகிறீர்களா? வரிசைக்கு 10 பேர் உட்காரும் 777ல் வால்பக்கம் உடல் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகள் 2-4-2 ஆகிவிடும். சன்னல் பக்கம் இரண்டே இருக்கை, மூன்றாமவர் இல்லை. கழிப்பறையும் சமையல் பகுதியும் பக்கத்தில் என்பதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். ஏரோலோபா இணையத்தளத்தில் நிறுவனவாரியாக இருக்கை வரைபடங்கள் உள்ளன. சன்னலே இல்லாத சன்னல் இருக்கை எது என்றுகூட அதில் தெரியும்.

அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் கைப்பையைக் காலடியில் வைக்க முடியாது, திரை கைப்பிடிக்குள் மடித்திருப்பதால் கைப்பிடி உயராது, இருக்கையும் சற்றுக் குறுகல். முன்சுவரை ஒட்டிய வரிசையும் அப்படித்தான், அதோடு குழந்தைத் தொட்டில் அங்கேதான் மாட்டுவார்கள். குழந்தையோடு போகிறவர் நிறுவனத்தை முன்கூட்டியே அழைத்துத் தொட்டில் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தை இல்லாதவர்கள் அந்த வரிசையைக் காசு கொடுத்து வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

மிக மலிவான கட்டண வகையில் இருக்கை தேர்வுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். நீண்ட பயணத்தில் கூடுதல் செலவு செய்ய ஒரே ஒரு இடம் உண்டு என்றால் அது இதுதான். பிள்ளைகளோடு போகும் குடும்பம் கடைசிவரை காத்திருந்து சேர்ந்து உட்காரக் கெஞ்சுவதைவிட முதலிலேயே கொடுத்துவிடுவது மேல். கொடுக்க மனமில்லை என்றால் இணையச் செக்-இன் திறந்ததும் உள்ளே போங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 48 மணி நேரத்துக்கு முன் திறக்கிறது.

படி 4: சாப்பாடு

டிக்கெட் எடுத்ததும் உணவு வகையைப் பதிவு செய்யுங்கள். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாவது செய்யவேண்டும். குறியீடுகள் எல்லா நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏவிஎம்எல் என்றால் இந்தியச் சைவம். எச்என்எம்எல் என்பது இந்து அசைவம், மாட்டிறைச்சி இருக்காது. விஜேஎம்எல் சமணர் உணவு, வெங்காயம் பூண்டு இல்லாமல் வரும். எம்ஓஎம்எல் முஸ்லிம் உணவு. டிபிஎம்எல் நீரிழிவுக்கு. விஜிஎம்எல் என்று போட்டால் பால்கூட இல்லாத சைவம் வரும். தயிர்சாதம் எதிர்பார்த்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சிறப்பு உணவை முதலில் பரிமாறுவார்கள். அதில் ஒரு வசதி, ஒரு சங்கடம். பக்கத்து வரிசைக்குத் தள்ளுவண்டி வருவதற்குள் நீங்கள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். ஆனால் எல்லோரிடமிருந்தும் தட்டு வாங்கும்வரை உங்கள் தட்டும் மடியின் மேல்தான் இருக்கும், எழுந்து போக முடியாது. காலித் தட்டை அவ்வழியே போகும் விமானச் சிப்பந்தியிடம் சிரித்த முகத்தோடு நீட்டினால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்.

அந்த உயரத்தில், வறண்ட காற்றில், நாக்கில் உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும். விமானச் சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. ஒரு சின்ன ஊறுகாய்ப் பொட்டலம் கைப்பையில் இருந்தால் போதும். ஊறுகாய் திரவக் கணக்கில் வரும், ஆகவே 100 மில்லிக்குள் இருக்கட்டும். பருப்புப்பொடிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

படி 5: பெட்டி கட்டுவது

எடைக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று டிக்கெட்டில் பாருங்கள். அமெரிக்கப் பயணங்களில் பொதுவாகத் தலா 23 கிலோவில் இத்தனை பெட்டி என்பார்கள். ஒரே பெட்டியில் 30 கிலோ கட்டிக்கொண்டு போனால், மொத்தம் குறைவாக இருந்தாலும் அபராதம்தான். மற்ற பல பாதைகளில் மொத்த எடைக் கணக்கு. கைப்பெட்டிக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் 7 கிலோ. தொங்கும் தராசு ஒன்று முஸ்தபா கடையில் வாங்கி வைத்துக்கொண்டால் வரிசையில் நின்று பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை இடம் மாற்றும் காட்சி இருக்காது.

மகளுக்கு, பேரனுக்கு என்று கட்டிக்கொண்டு போகும் சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. கறிவேப்பிலையை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பச்சையாகக் கொண்டுபோக வேண்டாம். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நம் பக்கத்திலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோக அனுமதியில்லை, வீட்டு நெய் உட்பட. ஆஸ்திரேலியாவில் உணவு எதுவாக இருந்தாலும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறித்துவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

பவர்பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், உள்ளே போடும் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டிலும் விமானத்துக்குள் பவர்பேங்கிலிருந்து கைபேசியைச் சார்ஜ் செய்யக்கூடாது, பவர்பேங்கைச் சார்ஜ் செய்யவும் கூடாது. இருக்கையிலுள்ள யூஎஸ்பி துளைக்கு ஒரு நல்ல கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகள் மொத்தமும் கைப்பையில். இன்சுலினைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருத்துவர் கடிதம் கூடவே இருக்கட்டும். நேர வித்தியாசத்தில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இருக்கையில் கை எட்டும் தூரத்துக்கு ஒரு சின்னத் துணிப்பை தனியாகத் தயார் செய்யுங்கள். பல்துலக்கி, உதட்டுக்குக் களிம்பு, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, கண்மறைப்பு, காதடைப்பான், ஒரு பேனா, ஒரு ஜோடி அழுத்தக் காலுறை. மேலறையில் பெட்டியை ஏற்றிய பிறகு, முன்னிருக்கைக்காரர் சாய்ந்துவிட்டால், குனிந்து எதையும் தேட முடியாது. இந்தப் பை முன்னிருக்கைப் பையில் நுழையும் அளவுக்கு இருக்கட்டும். உடை தளர்வாக, அடுக்கடுக்காக. காலணியும் ஒரு சுற்றுப் பெரிதாக இருப்பது நல்லது, பாதம் வீங்கும்.

படி 6: சாங்கியில்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முனையம் 2, 3. எமிரேட்ஸும் கத்தாரும் முனையம் 1. கேத்தே பசிபிக் முனையம் 4. அங்கே முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் போகாது, பேருந்துதான், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். எம்ஆர்டி ரயில் முனையம் 2, 3க்குக் கீழேயே நிற்கும்.

சாங்கியின் தனிக்குணம் ஒன்று: முனையம் 1, 2, 3ல் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கும். குடிநுழைவைத் தாண்டியதும் தண்ணீர் போத்தலை நிரப்பிக்கொண்டு போனால் வாயிலில் கொட்டச் சொல்வார்கள். காலிப் போத்தலோடு சோதனையைத் தாண்டி, உள்ளே குடிநீர்க் குழாய் இருந்தால் அங்கே நிரப்புங்கள், இல்லையென்றால் ஏறியதும் சிப்பந்தியிடம் கேளுங்கள். சோதனைக்குப் பிந்தைய காத்திருப்புக் கூடம் பலவற்றில் கழிப்பறை கிடையாது. ஆகவே வாயிலுக்குள் நுழையும் முன் போய்விட்டு வாருங்கள். முனையம் 4ல் சோதனை முன்பாகவே, எல்லோருக்கும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

சீக்கிரம் வந்துவிட்டால் உட்காராதீர்கள், நடங்கள். அடுத்த 14 மணி நேரமும் உட்காரத்தானே போகிறீர்கள். முனையம் 2க்கும் 3க்கும் நடுவே நடந்தே போய்வரலாம்.

பெற்றோருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ‘நான் என்ன நோயாளியா’ என்று அப்பா முறைப்பார். விமானம் மாறும் ஊரில் நீள நடை, வரிசை, மொழி எல்லாவற்றையும் அந்த உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

படி 7: விமானத்தில்

ஏறியதும் கடிகாரத்தை இறங்கும் ஊர் நேரத்துக்கு மாற்றச் சொல்லுவார்கள். லண்டன் இரவு விமானத்துக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரவு 11.30 வாக்கில் கிளம்பும்போது லண்டனில் பிற்பகல். அந்த நேரப்படி விழித்திருந்தால் உடம்பு பாதி ராத்திரி கண் விழித்து வீணாகும். நம் உடம்பு சிங்கப்பூர் நேரத்தில்தான் இருக்கிறது, அது கேட்கும்போதே தூங்கட்டும். வீட்டிலேயே எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து, முதல் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளம்பி ஒன்றரை, இரண்டு மணி நேரம் விளக்கெரியப் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். அதை விட்டால் அவ்வளவு நேரத் தூக்கம் கைக்கு வரும். காலையில் லண்டனில் இறங்கியபின் இரவு ஒன்பது வரை எப்படியாவது தாக்குப்பிடியுங்கள். வெயிலில் நடங்கள். மேற்கே போகும்போது உடம்பு ஒப்பீட்டளவில் சீக்கிரம் பழகும். கிழக்கே அமெரிக்க மேற்குக்கரைக்குப் போகும்போது 15, 16 மணி நேர வித்தியாசம், எந்தத் தந்திரமும் முழுதாகப் பலிக்காது. முதல் இரண்டு நாளில் முக்கியமான கூட்டம் எதுவும் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இருக்கைவாரைத் தூங்கும்போதும் கட்டியிருங்கள், போர்வைக்கு மேலே தெரியும்படி. கீழே கட்டினால் சிப்பந்தி சரிபார்க்க எழுப்புவார். இது சடங்குக்குச் சொல்வதில்லை. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானம் மியன்மார் வான்வெளியில் குலுங்கியபோது, 4.6 வினாடிகளில் 178 அடி இறங்கியது என்று முதற்கட்ட விசாரணை அறிக்கை சொன்னது. வார் கட்டாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள், விமானம் பேங்காக்கில் இறங்கியது. அதற்குப் பிறகு வார் விளக்கு எரியும்போது அந்த நிறுவனம் உணவு பரிமாறுவதை நிறுத்திவைக்கிறது. காப்பி தாமதமானால் முணுமுணுக்க வேண்டாம்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வில் கண்டது. அப்படி ஆனாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயப்பட வேண்டாம், விழித்திருக்கும்போது கணுக்காலைச் சுழற்றுங்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், எழுந்தால் பின்பக்கச் சமையல் பகுதிவரை போய்வாருங்கள். முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவேண்டாம்.

விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. சிறு கோப்பைத் தண்ணீர் எந்த மூலைக்கு? போத்தலைப் பின்பக்கம் கொண்டுபோய் நிரப்பித் தரச் சொல்லுங்கள். கழிப்பறைக்குக் காலுறையோடு போகாதீர்கள். தரையில் ஈரமாக இருப்பதெல்லாம் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் அதன் பயணப்புள்ளித் திட்டமான கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களுக்கு எகானமியிலும் வைஃபை இலவசம். உறுப்பினராவதும் இலவசம், ஆனால் பதிவைத் தரையில் இருக்கும்போதே முடித்து, எண்ணை முன்பதிவில் சேர்த்துவிடுங்கள். அலுவலகத்தில் அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

படி 8: இறங்கிய பின்

பெட்டி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் நிறுவன முகப்பில் புகார் எழுதி எண் வாங்குங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு எழுத்துமூலப் புகார் கொடுக்க 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். அவசரமாக வாங்கிய உடை, சோப்பு ரசீதுகளை வைத்திருங்கள். பெட்டிக்குள் ஒரு தாளில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி வைத்திருந்தால், வெளிச்சீட்டு கிழிந்தாலும் தேடிக் கொடுப்பார்கள்.

விமானமே தாமதமானால் எங்கிருந்து கிளம்பியது என்பதைப் பொறுத்து உரிமை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நிறுவனத்துடையதானாலும் அவர்களுடைய இழப்பீட்டு விதி பொருந்தும். சிங்கப்பூர் போன்ற தொலைதூரத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம், நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் கிடைக்காது. சிங்கப்பூரிலிருந்து அங்கே போகும்போது நிறுவனமும் ஐரோப்பியதாக இருந்தால்தான் அந்த விதி. முன்பதிவில் விலை ஒன்றாக இருந்தால் இதையும் ஒரு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது, சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டையை மறக்காதீர்கள். விமானத்தில் வரும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்கூட நிரப்பவேண்டும், வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் அது இடைத்தரகர் பக்கம், மூடிவிடுங்கள்.